லாபம், ரெண்டு, மூணு

நாமக்கல் டாக்டர் என் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்றார். நான் கணக்கு டீச்சர் என்று காற்றாகச் சொன்னேன். “அப்பக் கணக்காப் பேசுங்க” என்று சிரித்தபடி மருந்துச் சீட்டை எழுதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கென்று இருந்த லீவெல்லாம் மாமியார் இடுப்பொடிந்து படுத்த வருஷத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. மறுநாளும் மோகனூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், பாதி வழியில் இறங்கி, அறுந்துபோன செருப்பு வாருக்கு ஊக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். எட்டாம் வகுப்பு, லாப நஷ்டப் பாடம். பேசாமல் கணக்கு நடத்துவது எப்படி என்று டிரெயினிங்கில் எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

விளையாட்டு அப்படி வந்ததுதான். புதுமை செய்ய வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. அதற்குத் தெம்பு வேண்டும். என்னால் பேச முடியாது, அதனால் பிள்ளைகள் பேசட்டும் என்று விட்டேன், அவ்வளவுதான். அந்த வருஷங்களில் எங்கள் ரோட்டில் கிணறு வற்றிய தோட்டத்திலெல்லாம் கோழிக் கொட்டகை முளைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் தலைமுடியிலேயே தீவன வாசனை அடிக்கும். ஆகவே பெஞ்சுக்கு ஒரு கோழிப்பண்ணை. புளியங்கொட்டைதான் ரூபாய். கரும்பலகையில் ஒரு பக்கம் அன்றைய முட்டை விலை, மறு பக்கம் தீவன விலை. மேஜைமேல் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் மடித்த சீட்டுகள். தினம் ஒரு பெஞ்சிலிருந்து ஒருவர் வந்து ஒரு சீட்டை எடுத்துப் படிக்க வேண்டும். ‘வெள்ளைக் கழிச்சல், பாதிக் கோழி போச்சு.’ ‘புரட்டாசி பிறந்தது, முட்டை கேட்பாரில்லை.’ ‘லாரி ஸ்டிரைக்கு.’ பாதிச் சீட்டை நான் எழுதினேன், மீதியை அவர்களே எழுதிப் போட்டார்கள். ஒரு சீட்டில் ‘மச்சான் கடனைத் திருப்பிக் கேட்கிறார்’ என்று இருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சத்தமில்லாமல் சிரித்தேன். அதை எழுதியவள் மூன்றாம் பெஞ்சுப் பெரியநாயகி.

வெள்ளிக்கிழமை ஆனால் ஒவ்வொரு பண்ணையும் முட்டைக்கு எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று எழுந்து சொல்ல வேண்டும். சராசரி, சதவீதம் எல்லாம் தானாக வந்து சேர்ந்தன. தொண்டை நன்றாக இருந்த காலத்தில் நான் கத்திக் கத்தி ஏற்ற முடியாததையெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் சண்டை போட்டே ஏற்றிக்கொண்டார்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பெரியநாயகியின் அப்பா குமாரசாமியின் கொட்டகை பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். விடியுமுன் முட்டை பொறுக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை. அதுவரை கணக்கு நோட்டைத் திறந்தாலே அவளுக்குக் கண் சொருகும். விளையாட்டு வந்த பிறகு மூன்றாம் பெஞ்சுக்கு அவள்தான் முதலாளி. புளியங்கொட்டையை எடுத்து வைத்து, “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணுவாள். எங்கள் பக்கம் நெல் அளந்தாலும் தேங்காய் எண்ணினாலும் முதல் எண்ணை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். முட்டைக்கும் அதேதான். கணக்கு டீச்சர் என்றால் இதையெல்லாம் திருத்த வேண்டும். எனக்குக் குரலும் இல்லை, மனசும் இல்லை. காலையில் எல்லாப் பெஞ்சிலிருந்தும் லாபம், லாபம் என்று கேட்பது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள். முகம் என்னவோ போல் இருந்தது.

“டீச்சர், கோழி ஒரு வருசந்தானுங்க நல்லா முட்டையுடும். அப்பறம் கறிக்கடைக்குத்தான் போகோணும். அப்பப் புதுசா வாங்கோணுமில்லீங்க? அந்தக் காசையும் முட்டை மேல பங்கு போடோணுமுங்களா?”

இத்தனை வருஷ வேலையில் ஒரு பிள்ளையும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. புத்தகத்தில் அந்தக் கணக்கே கிடையாது. அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு, “போடோணும் சாமி” என்றேன். தொண்டை எரிந்தது.

அவள் திரும்பிப் போய்ப் பெஞ்சின் மேலேயே சாக்கட்டியால் போட்டாள். பக்கத்துப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. தினம் முட்டை விற்றுக் காசு வருகிறதே, அப்புறம் எப்படி நஷ்டம் என்றார்கள். அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். “அப்ப லாபமே இல்லீங்களே டீச்சர்” என்றாள். விளையாட்டைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை குமாரசாமி பள்ளிக்கு வந்தார். ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே, நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான்மார் இருவரும் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். முதல் கொட்டகைக்கே அவர்கள்தான் பணம் கொடுத்தவர்கள். இரண்டாவது கொட்டகைக்கும் கேட்கலாம் என்று கோழியடித்துச் சாப்பாடு போட்டிருக்கிறார். மாமன்களுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பெரியநாயகி, இந்தப் பண்ணையில் ஒவ்வொரு முட்டைக்கும் கைப்பிடித்தம்தான், நஷ்டம்தான், கோழி வாங்கின காசை அப்பா கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேசிச் சொல்லவில்லை. டீச்சர் சொல்லித் தந்தாங்க என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். மச்சான்மார் மோருக்கு நிற்காமல் கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

“நீங்க கணக்குச் சொல்லிக்குடுங்க டீச்சர், வேண்டாங்கலை. என்ற ஊட்டுக் கணக்க எதுக்குங்க சொல்லிக்குடுத்தீங்க?”

நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. எனக்கும் சேர்த்து ஹெட்மாஸ்டர் பேசினார். இனிமேல் நடக்காதுங்க, விளையாட்டுப் புத்திங்க, நான் பார்த்துக்கறேனுங்க என்று என்னென்னவோ சொன்னார். குமாரசாமி அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. வாசற்படி வரைக்கும் போய்விட்டு என் பக்கம் திரும்பினார்.

“அவ போட்ட கணக்குச் சரிங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக் குரல்கூடத் தேவைப்பட்டிருக்காது. நான் ஆமென்று தலையாட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாளிலிருந்து பெரியநாயகி பள்ளிக்கூடம் வரவில்லை.

பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போயிற்று. புளியங்கொட்டையை மரத்தடியிலேயே கொட்டச் சொன்னார்கள், கொட்டினோம். பொங்கலுக்குள் எனக்குக் குரல் திரும்பிவிட்டது. திரும்பவும் கத்த ஆரம்பித்தேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் பெஞ்சில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. நான் செய்தது தப்பென்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இருக்காது.

முழுப்பரீட்சை நெருங்கியது. வராத பிள்ளைகளின் பெயரை எடுத்துவிடலாமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். எட்டாம் வகுப்பில் நின்றுபோன பெண்பிள்ளை திரும்பி வந்ததை நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் குமாரசாமி தோட்டத்து வழியில் இறங்கி நடந்தேன்.

கொட்டகையில் பாதிக்குமேல் கூண்டுகள் காலியாக இருந்தன. வயசான கோழிகள் கறிக்குப் போய்விட்டன, புதுக் குஞ்சு இறக்கவில்லை என்று கேட்காமலே தெரிந்தது. வீட்டிலிருந்து பெரியநாயகியின் அம்மா பொன்னாத்தாள், “வாங்க டீச்சர், மோர் கொண்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெளியே வரவேயில்லை. வாசலில் முட்டை லாரி நின்றிருந்தது. மேலே டிரைவர், கீழே குமாரசாமி. பக்கத்தில் தாவணி போட்டு, என் தோளுயரத்துக்கு வளர்ந்து, பெரியநாயகி. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

“பரீட்சைக்கு மட்டுமாவது அனுப்புங்க. ஆறு நாள்தானுங்க” என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

குமாரசாமி முட்டை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினார். “கணக்குல பெயிலாகற புள்ளையாவே இருந்திருந்தா அனுப்பியிருப்பனுங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் நான் அடையாளம் கண்டுகொள்வேன்.

“நேரமாச்சுங்க, பொழுதோட கரூர் தாண்டோணும்” என்று மேலிருந்து டிரைவர் அவசரப்படுத்தினார். “எண்ணிக்கை சொல்லு அம்மிணி.”

குமாரசாமி முதல் அடுக்கைத் தூக்கினார். பெரியநாயகி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

“ஒண்ணு” என்றாள்.

வாங்க நீட்டிய கையை டிரைவர் இழுத்துக்கொண்டார். “ஏஞ்சாமி, மொத அடுக்கே இப்படிச் சொல்ற? லாபம்னு சொல்லு.”

அவள் மாற்றிச் சொல்லவில்லை. குமாரசாமி அடுக்கைப் பிடித்தபடியே நின்றார். அட்டையில் முட்டைகள் ஒன்றோடொன்று மெதுவாக இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அவர் மகளையே பார்த்தார். பிறகு காலிக் கூண்டுகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“புடிங்க, ஒண்ணு” என்று சொல்லி, அடுக்கை மேலே ஏற்றிவிட்டார். குனிந்து அடுத்ததை எடுத்து, அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.