லாக்கி இல்லாத கப்பல்

என் கணவர் லாக்லன் மெக்ரோரி, எங்களுக்கு லாக்கி, கறுப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நாட்டுக்காக ஏழு முறை ரக்பி ஆடினார். நாட்டின் தென்கோடியில் எங்கள் சவுத்லாண்டில் அப்படி ஆடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஊரில் யாரும் அந்த ஏழு ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

போர் முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. பிரிட்டனிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. டனீடனில் ஆட்டம். மூன்று நாள் மழையில் மைதானம் உழுத வயல் மாதிரி கிடந்தது. நான் கம்பளிக்குள் சுருண்டு மரப்பலகைமேல் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். நேரம் முடியப்போகிறது. அப்போது பந்து கைமாறிக் கைமாறி ஓரத்தில் நின்ற லாக்கியிடம் வந்தது.

ஓடினார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எதிரணியின் கடைசி ஆள் ஒருவன்தான் மிச்சம். வேல்ஸ்காரன், சுரங்கத் தொழிலாளி, இட்வல் ப்ராசர் என்று பெயர். அவன் குறுக்கே பாய்ந்து லாக்கியின் இடுப்பைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து கோட்டைத் தாண்டிச் சேற்றில் விழுந்தார்கள். மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, மூன்று புள்ளி, வெற்றி. மைதானமே எழுந்து கத்தியது. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நடுவர் பின்னால் ஓடி வந்தவர். ஆள் குவியலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குவியல் கலைந்ததும் பந்து லாக்கியின் மார்புக்கடியில் இருந்தது. விசிலை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி ஏதோ கேட்டார். லாக்கி தலையை ஆட்டுவது எனக்குத் தெரிந்தது.

அங்கே நடந்த பேச்சை இட்வல் பிறகு என்னிடம் சொன்னான்.

"சரியா வச்சியாப்பா?" என்று நடுவர் கேட்டிருக்கிறார்.

"இல்ல சார். விழும்போதே கைய விட்டுப் போயிடுச்சு. அப்புறந்தான் மேல விழுந்தேன்."

அவ்வளவுதான். கையிலிருந்து முன்னால் நழுவினால் அது ட்ரை இல்லை. பந்து அவர்களுக்குப் போனது. உதைத்து வெளியே தள்ளினார்கள். ஆட்டம் முடிந்தது. என்னைக் கட்டிப்பிடித்தவர் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு நடந்தார்.

மைதானத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்தேன். லாக்கி வரும்போது கூடவே சிவப்புத் தலைமுடியோடு ஒரு குள்ளமான ஆள் வந்தான். காதில் ரத்தம் காயவில்லை.

"நீங்கதான் இசோபெலா? நான் இட்வல். இவன் மேல கிடந்தவன்" என்றான். "அந்த மனுஷன் என்னைக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு சத்தியமா எனக்கே தெரியலம்மா. அத உங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு."

இட்வல் லாக்கியின் தோளில் குத்தினான்.

"டேய், மூணு வருஷத்துல உங்க ஆளுங்க எங்க ஊருக்கு வருவாங்க. கார்டிஃப்ல உனக்காக நிப்பேன். அப்பவாவது பந்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வா."

"நீ அப்பவாவது இடுப்ப விட்டுட்டுக் கால பிடி. விலா நாலு நாளைக்கு வலிக்கும்போல" என்றார் லாக்கி.

அன்று முழுக்க அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஊர் திரும்பினோம். எங்களுடையது ஆட்டுப் பண்ணை. வாரம் ஒரு முறையாவது சந்தைக்குப் போயாக வேண்டும். அங்கே அவருக்குப் புதுப் பெயர் காத்திருந்தது.

"பாதிரியாரே, வாங்க வாங்க! என் கிடா நேத்து வேலி தாண்டிப் போயிடுச்சு. அதுக்கும் பாவமன்னிப்பு குடுத்துட்டுப் போங்க" என்று கசாப்புக் கடைக்காரர் ஆல்ஃப் டகர்ட்டி கத்துவார். சந்தையே சிரிக்கும்.

"கிடாவ வரச் சொல்லு ஆல்ஃப். அது உண்மையச் சொல்லும். உன் தராசப் பத்தித்தான் கவலையா இருக்கு" என்பார் லாக்கி. அதற்கும் சிரிப்பார்கள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அதன் பிறகு இரண்டு வருஷம் அவரை நாட்டு அணிக்கு எடுக்கவில்லை. இட்வலிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். கடைசி வரி மட்டும் மாறாது: 'கார்டிஃப்பில் நிற்கிறேன்.' லாக்கி அதை மடித்து மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போவார். சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவர் மட்டும் ஆற்றங்கரையோரம் ஓடிக்கொண்டிருப்பார். முப்பதைத் தாண்டியவர். வயது போகிறதே என்கிற பயத்தோடு ஓடுகிற ஓட்டம் அது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே அவர் தட்டை மூடி வைப்பேன்.

பிரிட்டன் பயணத்துக்கான வருஷம் வந்தது. வெலிங்டனில் தேர்வு ஆட்டத்துக்கு லாக்கியைக் கூப்பிட்டார்கள். நீலப் பேனாவால் அன்றைக்கே இட்வலுக்கு 'வருகிறேன்' என்று எழுதினார். அவசரப்படாதே என்று சொன்னேன். கேட்கவில்லை.

தேர்வு ஆட்டம் முடிந்த மாலை வானொலியில் பெயர்களை வாசித்தார்கள். பக்கத்துப் பண்ணைப் பெண்கள் சீஸ் ரோல் சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதலில் கடைசிக் காவல் ஆட்கள் இரண்டு பேர். அடுத்து ஓரத்தில் ஓடுகிறவர்கள். நான்கு பெயர்கள். நான்காவது பெயர் எருவேரா போட்டாயே. கிழக்குக் கரை மாவோரிப் பையன், இருபத்தொரு வயது. அதற்கு மேல் வானொலி என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி போய் அதை நிறுத்தினாள். ரோல்களை யாரும் தொடவில்லை.

லாக்கி வெலிங்டனிலிருந்து கப்பலும் ரயிலும் ஏறி இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தார். வந்ததும் பூட்ஸை மாற்றிக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அன்னிக்கு ஊதாமப் போன அந்த விசிலுக்காகத்தான் பழி வாங்கிட்டாங்க. ஊரே அதான் சொல்லுது" என்றேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஊரு அங்க வந்து பாத்துச்சா?" அவர் ஒரு ஆட்டின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையன எனக்கு எதிராத்தான் நிறுத்தினாங்க. ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போயிட்டான். ரெண்டாவது தடவை அவன் நிழலக்கூட என்னால பிடிக்க முடியல. நானே தேர்வு பண்ணியிருந்தாலும் அவனத்தான் எடுத்திருப்பேன்."

"அப்போ வருத்தமே இல்லையா உனக்கு?"

குளம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "வருத்தம் இல்லேன்னு எப்போ சொன்னேன், இசோபெல்?"

அந்த வாரமே உட்கார்ந்து எருவேராவுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். இட்வல் ப்ராசர் நெருக்கடியில் எப்போதும் இடது காலால்தான் உதைப்பான், உதைக்குமுன் ஒரு முறை வானத்தைப் பார்ப்பான், அப்போதே கிளம்பிவிடு. இப்படி மூன்று வருஷமாகத் தனக்காகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் எழுதினார். கூடவே ஒரு தகர டின்னில் உப்பிட்ட கடற்பறவைக் கறி. எங்கள் பக்கத்தில் அதை உயிராக விரும்புவோம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். இட்வலிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அணியை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்ட நாளில் வேலியைச் சரிசெய்யப் போனவர் சுத்தியலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அப்படி விட்டுவிட்டு வருகிற மனிதர் இல்லை அவர்.

ஐந்து மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், எருவேரா எங்கள் வாசலில் வந்து நின்றான். நாட்டின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ரயிலில் வந்திருந்தான். கதவை அடைக்கிற தோள்கள். ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டான். தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம்.

"அண்ணே, அந்த டின்ன கடல்ல வீசச் சொல்லி கப்பல்ல ஓட்டெடுப்பே நடத்திட்டாங்க" என்று ஆரம்பித்தான். "நான் மட்டும் ஒரு பக்கம், மீதி எல்லாரும் அந்தப் பக்கம். கட்டிலுக்கு அடியில வச்சு அது மேலயே படுத்துக் காப்பாத்தினேன்."

லாக்கி வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியா அவன?"

எருவேராவின் முகம் மாறியது.

"கார்டிஃப் ஸ்டேஷன்ல இறங்கினோம்ணே. அவ்வளவு கூட்டம். ஒரு ஆளு, செவப்பு முடி, அப்பத்தான் சுரங்கத்துலேர்ந்து வந்திருக்காரு. கண்ணச் சுத்திக் கரி, மை தீட்டின மாதிரி. எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துக்கிட்டு வராரு. கடைசி ஆளு வரைக்கும் பாத்துட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாரு. நான் போய், யாரத் தேடுறீங்கன்னு கேட்டேன். 'மெக்ரோரி எங்க? வரேன்னு எழுதியிருந்தானே'ன்னாரு." எருவேரா கோப்பையைக் கீழே வைத்தான். "அவர் இடத்துலதான் நான் வந்திருக்கேன்னு சொன்னேன். வாழ்க்கையில அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் சொன்னதில்லண்ணே."

"என்ன சொன்னான்?"

"என் பெட்டிய வாங்கித் தூக்கிக்கிட்டு ஹோட்டல் வரைக்கும் கூட நடந்தாரு. 'அப்படின்னா நீ ரொம்ப நல்லாத்தான் ஆடுவே'ன்னாரு."

ஆட்டத்தில் வேல்ஸ் ஜெயித்தது. அது பத்திரிகையில் வந்திருந்தது. எருவேரா சொன்னது பத்திரிகையில் வராதது. இட்வல் வானத்தைப் பார்த்த கணத்தில் இவன் பாய்ந்து அந்த உதையை மறித்துவிட்டான். பந்தை எடுத்து ஓடியவனை இட்வல் துரத்திப் பிடித்துத் தள்ளினான். சேற்றில் இருவரும் கிடக்கும்போது இவன் காதில், "என் இடது காலப் பத்தி அந்தப் பாவி உன்கிட்ட சொல்லிட்டானா?" என்று கேட்டானாம்.

அன்று எருவேரா கிளம்பும்போது கைகொடுத்துவிட்டுச் சட்டென்று நெற்றியையும் மூக்கையும் லாக்கியின் நெற்றியோடும் மூக்கோடும் வைத்து அழுத்தினான். அது மாவோரிகளின் வழக்கம். இருவரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள்.

எருவேரா அதற்குப் பின் பெரிய ஆட்டக்காரன் ஆனான். தலைவனாகவும் இருந்தான். வானொலிப் பேட்டிகளில் யாரிடம் கற்றாய் என்று கேட்டால் மெக்ரோரி என்பான். லாக்கி எழுந்து வெளியே போய்விடுவார்.

இருபத்திரண்டு வருஷம் போனது. இட்வலின் கடிதங்கள் குறுகிக்கொண்டே வந்தன. சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று அவன் மனைவி ஓல்வென் தனியாக எனக்கு எழுதினாள். நான் அதை லாக்கியிடம் வாசித்துக் காட்டினேன். பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதமே விமானம் ஏறினோம்.

மலைக்கும் மலைக்கும் நடுவே, ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தது இட்வல்தான். தலைமுடி வெளுத்துவிட்டது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினான்.

"லேட்டா வர்றே," என்றான், "இருபது வருஷம்."

"ரயிலு நின்னு நின்னு வந்துச்சுடா" என்றார் லாக்கி.

மூன்றாம் நாள் காலை சமையலறையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தோம். இட்வல் அந்த டனீடன் ஆட்டத்தைப் எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்படியொரு உத்தமன் உலகத்தில் உண்டா என்கிற மாதிரி. லாக்கி கையைத் தூக்கித் தடுத்தார்.

"போதும்டா. நிறுத்து. அந்த ஆளு கேட்டாரு, நான் சொன்னேன். கேட்காம விசில ஊதியிருந்தா? நானா போய்ச் சொல்லியிருப்பேனா? இருபத்தஞ்சு வருஷமா என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். தெரியல. என்னைப் போய் சாமியாராக்காத."

ஓல்வென் அடுப்பிலிருந்த கெண்டியை நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கே நானும் இதத்தான் உன் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்," இட்வல் மூச்சுவிட்டு மெதுவாகச் சொன்னான். "எனக்கும் தெரியாதுன்னு. அதனாலதான்டா நீ கார்டிஃப்புக்கு வரணும்னு அவ்வளவு ஆசப்பட்டேன். பதில் தெரியாதவன், பதில் தெரியாத இன்னொருத்தன் கூட ஆடுறது நல்லா இருக்கும்."

எனக்குத் தெரியாத ஒரு லாக்கியை அன்றுதான் பார்த்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், அந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. எனக்குச் சற்று வலித்தது. இதைச் சொல்ல அவருக்கு அந்தச் சேற்றில் கூடக் கிடந்த ஆள்தான் வேண்டியிருந்தது என்று பிறகு புரிந்தது.

சனிக்கிழமை ஊர் மைதானத்தில் உள்ளூர்ப் பையன்களின் ஆட்டம். இட்வலுக்கு நடக்க முடியாததால் ஓல்வென் அவனோடு வீட்டில் இருந்துகொண்டாள். நானும் லாக்கியும் மட்டும் போனோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஓடுகிற பையனிடம் பந்து போகும்போதெல்லாம் என் தோளில் இடித்துக்கொண்டிருந்த அவர் தோள் இறுகியது. ஒரு முறை, "இப்ப! இப்ப உள்ள வெட்டு!" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். பையன் வெளியே ஓடிப் பிடிபட்டான். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். மைதானக்காரர் மூலைக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு எங்களைக் கடந்து போனார். லாக்கி எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் குடுத்திருக்கலாம் இசோபெல்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஈரக் கையை எடுத்து என் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.