காற்றுக்குச் சொல்லும் சொல்

பனிவண்டி சரியாக நான்கு நிமிடம் ஓடும், பிறகு நின்றுவிடும். சற்று விட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி நான்கு நிமிடம். டாங்கு நிறையப் பெட்ரோல். பிளக்கை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

புயலுக்கு முன் சீல் வேட்டைக்குக் கடல்பனி மேல் போன என் கணவன் கவுனக் திரும்பவில்லை. மூன்று நாள் புயல் இன்று அடங்கியதும் மற்ற வண்டிகள் தேடப் புறப்பட்டுவிட்டன. கவுனக்கின் தம்பி அமாருக், நான் இருவர் மட்டும் வாசலில் நின்றோம்.

“அயுர்னர்மத்,” என்றேன். எங்கள் மொழியில் ‘நம் கையில் இல்லை’ என்று பொருள். புயல் நாட்களில் ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“காத்துக்குச் சொன்னீங்க, சரி. மெஷினுக்குமா அண்ணி? நாலு நிமிசத்துல அண்ணனைப் பக்கத்து வீட்டுலதான் தேடலாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது ரேடியோ கரகரத்தது. முன்னால் போனவர்களில் ஒருவர் பேசினார்: “கவுனக்கோட தடம் பனி விளிம்புல முடியுது. பனி பொளந்து தெற்கால மிதந்து போயிருச்சு. அயுர்னர்மத்.”

அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரிங்க. பனி பொளந்ததுக்குத்தான் அதைச் சொன்னாரு, அண்ணனுக்கு இல்ல. அண்ணன் இருக்கிற அந்தத் துண்டு கரையோட தெக்கு முனையை ஒட்டித்தான் போகணும். காத்து திரும்பி அதைக் கடலுக்குள்ள தள்ளுறதுக்குள்ள நாம அங்க இருக்கணும்.”

“உயிரோட இருப்பாரா?”

அமாருக் வண்டியைச் சுற்றி வந்தான். “ராத்திரி இது எங்க நின்னுச்சு?”

“முன்னறையில. குளிர்ல எஞ்சின் இறுகிடும்னு நான்தான் உள்ள தள்ளினேன்.”

“மேல இருந்த பனியைத் தட்டாமலா?”

“தட்டல.”

“அதுக்கு அந்தச் சொல் கிடையாது, அண்ணி.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் கேள்வி சரியானது. உள்ளே உருகிய பனி எங்கே வழிந்திருக்கும்? வெளியே வந்ததும் எங்கே உறைந்திருக்கும்? வண்டியை ஓடவிட்டு, அது நின்ற நொடியில் டாங்கு மூடியைத் திருகித் திறந்தேன். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது.

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் மிச்சப் பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்கும். துளையில் பனிக்கட்டி அடைத்திருந்தது. மூடியை வாயருகே வைத்து ஊதி உருக்கி, ஊசியால் குத்தித் துடைத்து மாட்டி, கயிற்றை இழுத்தேன். இருவரும் தெற்கு முனைக்குக் கிளம்பினோம். நான்கு நிமிடம் கடந்தது, ஐந்து, பத்து. எஞ்சின் நிற்கவில்லை.