வெள்ளைப் பூ

திருமூர்த்தி சோம்பேறி என்று காதர்பேட்டை பனியன் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். மதியத்துக்கு மேல் மெஷின் முன்னால் நிற்க முடியாமல் துணிக் கட்டின்மேல் உட்கார்ந்துவிடுவான். முப்பது வயதிலும் மீசை அரும்பு மீசைதான். "ஊட்டுல சோறு போடறதில்லீங்களா?" என்று கிண்டல் வேறு. பெற்ற தாய் பெரியாத்தாளே அவனைச் சோம்பேறி என்றுதான் சொல்லுவாள்.

ஆனால் குழந்தை இல்லாத பழி முழுக்க அவன் மனைவி மயிலாள் தலையில். கல்யாணமாகி ஆறு வருஷம். வளைகாப்பு வீடுகளில் மாமியாரே அவளைப் பின்வரிசைக்குத் தள்ளுவாள்.

திருமூர்த்தி தனியாகப் போய்ப் பார்த்த கோயமுத்தூர் டாக்டர் அவனிடம் கேட்டது வேறு. "பொன்னுக்கு வீங்கி வந்ததா?" வந்தது, பதினேழு வயதில். கன்னம் வீங்கி, அப்புறம் விரையும் வீங்கிக் கதறினான். வழக்கப்படி அம்மா அவன் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அதில்தான் விரை கெட்டிருக்கிறது. ஆண் உடம்பில் ஊற வேண்டிய சுரப்பு உங்களுக்குச் சரியாக ஊறவில்லை. அசதி, மனச்சோர்வு, ஆசைக் குறைவு எல்லாம் அதனால்தான். விட்டால் எலும்பும் பலம் இழக்கும். ஊசி போட்டால் தெம்பு வரும். குழந்தைதான் சந்தேகம்" என்றார் டாக்டர்.

மயிலாளிடம் மட்டும் சொன்னான். "வெளிய சொல்லாதீங்க மாமா. ஊரு உங்களக் கொன்னுபோடும். எனக்குப் பேச்சு வாங்கிப் பழகிப்போச்சு" என்றாள் அவள். இவனும் வாயை மூடிக்கொண்டான். விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று ஊசிக்கும் போகவில்லை. பாவம்தான், ஆனாலும் அவனை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

தை மாதம், மகனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்யலாமா என்று பெரியாத்தாள் குலதெய்வக் கோயிலில் பூ கேட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

மயிலாள் அழவில்லை. தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் திருமூர்த்தி எழுந்தான்.

"சாமி மேல குத்தமில்லீங்கம்மா. நீங்க கேட்டதுதான் தப்பு. கொறை அவளுக்கில்லீங்க, எனக்கு. பொன்னுக்கு வீங்கி வந்துச்சில்லீங்களா, அதுல போனதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. எனக்கு எந்நேரமும் அசதியா இருக்கறதும் அதனாலதானாம், ஊசி போட்டாத் தெம்பு மட்டும் வருமாம். இன்னும் பத்துப் பேரக் கட்டி வெச்சாலும் இதேதான்."

பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை.

பெரியாத்தாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க அத்தை."

"தெரிஞ்சுமா நான் பேசுனதையெல்லாம் கேட்டுட்டு இருந்தே?"

கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பங்காளிகளைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "இவள மலடின்னு சொன்னது இந்த வாயிதான். எல்லாரும் கேட்டுக்குங்க. பொய்யி."

மகனிடம் வந்து அவன் கையைப் பிடித்தாள். "அந்த ஊசிக்கு நாளைக்கே போலாம். நானும் வர்றேன் கண்ணு. எம்பையன் சோம்பேறியில்லைன்னு அந்த டாக்டரு வாயால கேக்கோணும்."