மாடிச் சுவரில் ஒரு ஓட்டை

வீட்டுச் சுவரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். மாடிக் குளியலறையை ஒட்டி வெளிச்சுவரில் வட்டமாக ஒரு புது மூடி. அதன் வழியே, துணி உலர்த்தும் டிரையரின் வெதுவெதுப்பான மணம் பனிக்காற்றில் கலந்து இறங்கியது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டது அந்த ஓட்டையைத்தான்.

படுக்கையறை மாடியில். டிரையர் நிலவறையில். துணிக்கூடையோடு ஏறி இறங்கியே என் முழங்கால் போய்விட்டது. "டிரையரை மேலே ஏத்தணும், ஆவி வெளியே போக சுவர்ல ஓட்டை போடணும், ஆளைக் கூப்பிடு" என்றால் என் கணவன் கர்ட்டுக்கு ரோஷம் வரும்.

"ஒரு ஓட்டை போட வெளியாளா? ஊரே சிரிக்கும் ரெனே. அடுத்த சனிக்கிழமை நானே போடறேன்."

விஸ்கான்சினில் எந்த ஆம்பளையும் இதைத்தான் சொல்வான். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கிண்ண ரம்பம் வாங்கிக் கொடுத்தேன். கிண்ணம் போல இருக்கும், விளிம்பெல்லாம் பல். டிரில்லில் மாட்டி அழுத்தினால் சுவரில் குழாய் நுழையும் அளவுக்கு வட்டம் விழும். உறை பிரிக்காமலே கராஜ் ஆணியில் தொங்கியது.

போன வசந்தத்தில் நிலவறைப் படியில் விழுந்தேன். ஈரத்துணிக்கு நடுவே கிடந்து கூப்பிட்டேன். டி.வி.யில் ஆட்டம். முடிந்த பிறகுதான் எட்டிப் பார்த்தான். அந்த மாதமே தனியாக வாடகை வீட்டுக்குப் போய்விட்டேன்.

நேற்று போன் செய்தான். "வீட்டை வந்து பாரு ரெனே. நிறைய மாத்தியிருக்கேன்."

"எதுக்கு?"

"வந்து பாரேன்."

திரும்பி வந்துவிடு என்று கூப்பிட்டால் இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கார் டிக்கியில் துணிப்பை இருந்தது.

கதவைத் திறந்தவன் முகம் மழித்திருந்தான். சொட்டிக்கொண்டே இருந்த குழாய் சொட்டவில்லை. நான் பூசிய மஞ்சள் சுவரெல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிக்கு அழைத்துப் போனான். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல், சுவரிலிருந்து அறுத்தெடுத்த வட்டத் துண்டு. அதில் மட்டும் என் மஞ்சள் மிச்சமிருந்தது.

"சுத்தமா விழுந்திருக்குல்ல? நடுவுல மெல்லிசா ஒரு துளையை வெளிவரைக்கும் விட்டுட்டு, உள்ளேருந்து ஒரு வெட்டு, வெளியேருந்து ஒரு வெட்டு. சிலும்பவே இல்ல பாரு."

"எவ்ளோ நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம்கூட ஆகல."

எனக்குக் கோபம் வரவில்லை. டிரையர் மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது. "கர்ட், நான் காலைலேர்ந்து யோசிச்சேன்..."

"டாமி சொன்னது சரிதான்" என்றான். "மாடியிலேயே துணி வேலை முடிஞ்சா வீடு உடனே போயிடுமாம்."

"டாமி யாரு?"

"வீட்டு புரோக்கர். உன் கையெழுத்தும் வேணுமாம். அதான் வரச் சொன்னேன்."

இது எங்களுக்குப் புதிதல்ல. இருக்கும்வரை ஒழுகும் குழாயோடு வாழ்வோம். விற்கும்போதுதான் முன்பின் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் சரி செய்வோம். என் அம்மா வீட்டையும் அப்படித்தான் விற்றோம். தெரிந்தும் பை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"உள்ளே என்ன ஓடுது?"

"பழைய துண்டு ரெண்டு. பார்க்க வர்றவங்களுக்கு நல்ல வாசனை வரணும்ல? சின்னஞ்சிறுசுங்க. அந்தப் பொண்ணு மாசமா இருக்கா. படி ஏறி இறங்க முடியாது, பாவம்."

அந்த 'பாவம்' அவன் வாயில் அவ்வளவு இயல்பாக வந்தது.

"கையெழுத்துப் போடறேன். ரம்பத்தைக் கொடு."

"வாடகை வீட்ல ஆணிகூட அடிக்க விடமாட்டான். அத வச்சு என்ன பண்ணப் போற?"

"அது நான் வாங்கினது."

தோளைக் குலுக்கிவிட்டு எடுத்து வந்தான். பல்லிடுக்கில் மஞ்சள் தூள். டிக்கியில் துணிப்பைக்குப் பக்கத்தில் போட்டு மூடினேன்.

காரை எடுக்கும்போது எதிரே ஒரு கார் வந்து நின்றது. வயிற்றைத் தாங்கியபடி இறங்கிய பெண், ஆவி வந்த பக்கம் முகத்தை உயர்த்தி மூச்சை இழுத்தாள்.

"என்ன வாசனை! இங்க யாரோ ரொம்ப சந்தோஷமா இருந்திருக்காங்க, இல்ல?" என்றாள் தன் கணவனிடம்.