அறுபத்தெட்டாம் சாக்கெட்

பகல் இரண்டு இருபதுக்குப் போன் வந்தது. அப்போது நான் விடுதியின் கீழ்த்தளத்தில், எல்லா மாடியிலிருந்தும் ஒயர்கள் இறங்கி வந்து சேரும் சின்ன அறையில், கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த விடுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு மாணவிகள், ஆளுக்கொன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு இணையச் சாக்கெட்டுகள், இரண்டு கத்தரிக்கோல்கள். இவற்றில் சாக்கெட்டுகள் மட்டும்தான் வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மூணு மணிக்கு எனக்கு என்ட்ரன்ஸ். நெட்டு வரல.”

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு அது. வருடத்துக்கு ஒரு முறைதான். அறையிலிருந்தே எழுதலாம், ஆனால் ஒயரில் இணைத்த கணினியில்தான் எழுத வேண்டும். கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தால் தேர்வு ரத்து. வைஃபையை நம்பவும் முடியாது. மூன்றாம் மாடியில் யாராவது குளியலறைக் கதவைச் சாத்தினாலே அது போய்விடும்.

“எந்த சாக்கெட்டும்மா?”

“அறுபத்தெட்டு.”

என் திரையில் பார்த்தேன். அறுபத்தெட்டு நல்லபடியாக இருந்தது. ஆனால் அதில் எதுவும் இணைக்கப்படவில்லை என்று காட்டியது.

“நீ ஒயரையே சொருகலையே.”

“சொருகித்தானே இருக்கேன்! இன்னும் சொருகினா பக்கத்து ரூமுக்குப் போயிடும்க்கா.”

எதற்கும் இருக்கட்டும் என்று அறுபத்தெட்டை ஒரு முறை அணைத்துப் போட்டேன். பயனில்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறினேன். லிஃப்ட் இருக்கிறது, அவசரத்தில் அதை நம்ப எனக்குத் தைரியம் கிடையாது.

அறையில் இரண்டு கட்டில்கள், இரண்டு மேசைகள். ஜன்னல் பக்க மேசையில் பரீட்சைக்காரப் பெண், தலைக் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். கதவுப் பக்கக் கட்டிலில் அவள் தோழி, மூக்கில் கைக்குட்டையோடு. அந்த மாடி முழுக்க இவளைத் தும்மல் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேருக்கேற்றபடி வரவேற்றாள்.

நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் வேலை பார்ப்பேன். முதலில் விளக்கு, பிறகு ஒயர், பிறகு கணினி, கடைசியில் சுவர். வரிசையை மாற்றினால் எதை விட்டேன் என்று எனக்கே தெரியாது.

கணினியில் ஒயர் நுழையும் இடத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. ஒயரைச் சோதனைப் பெட்டியில் மாட்டினேன். எட்டுப் புள்ளிகளும் மின்னின. இருந்தாலும் புது ஒயர் போட்டேன். விளக்கு எரியவில்லை. கணினியில் அமைப்புகளைப் பார்த்தேன், எல்லாம் சரி. அணைத்துத் திரும்பப் போடச் சொன்னேன். அது நிதானமாக எழுந்து வந்தபோது மணி இரண்டு நாற்பது.

“அக்கா, நான் இப்ப அழுதுடட்டுமா, இல்ல அப்புறமா அழட்டுமா?”

“லைட்டு எரிஞ்சதும் அழு. இப்ப நேரமில்ல.”

“ஒரு வருஷமாப் படிச்சிருக்கேன்க்கா.”

“தெரியும்டி. உன் அலாரத்துல நானும்தான் ஒரு வருஷமாப் படிச்சிருக்கேன்” என்றாள் தும்மல்.

மீதம் இருந்தது சுவர். சாக்கெட்டுக்கு மேலே 68 என்ற ஸ்டிக்கர். மூடியைக் கழற்றத் திருப்புளியை வைத்தவள் அப்படியே நின்றேன். ஸ்டிக்கர் வலது பக்கம் சாய்ந்திருந்தது.

இந்தக் கட்டடத்து ஸ்டிக்கர் ஒவ்வொன்றையும் நான்தான் ஒட்டினேன், ரசமட்டம் வைத்து. கூட வேலை பார்ப்பவர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். நான் ஒட்டியது சாயாது. நகத்தால் நெம்பினேன், பின்னால் என் பசை இல்லை, இரட்டைப் பக்க டேப். திரும்பிக் கதவுப் பக்கச் சுவரைப் பார்த்தேன். அங்கே 67, இடது பக்கம் சாய்ந்திருந்தது.

“இதை யாரு பிச்சு ஒட்டினது?”

கட்டில் பக்கமிருந்து பதிலாக ஒரு தும்மல்தான் வந்தது.

“ஜன்னல் பக்கம் தூசிக்கா” என்றாள் பரீட்சைக்காரி. “இவளுக்கு ஆகல. அதனால கட்டில் மாத்திக்கிட்டோம். வார்டன் மேடம் நாங்க கிளாஸுக்குப் போனதும் வந்து கட்டில் நம்பரை ரிஜிஸ்தரோட சரிபாப்பாங்க. சொல்லாம மாத்தினா ஆளுக்கொரு மாடியில போட்டுடுவாங்க. அதான் கட்டில் ஸ்டிக்கரையும் மாத்தினோம்.”

“சுவத்துல இருக்கிறது என்ன பாவம் பண்ணுச்சு?”

“கட்டில்ல ஒரு நம்பர், சுவத்துல ஒரு நம்பர்னா சந்தேகம் வருமேன்னு...”

“ஸ்டிக்கரை மாத்தினா சாக்கெட்டு மாறிடுமா?”

“மேடத்துக்கு மாறிடுச்சேக்கா. மூணு மாசமா” என்றாள் தும்மல்.

இங்கே ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரே ஒரு கணினியைத்தான் அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். வேறு கணினியைச் சொருகினால் வாயை மூடிக்கொள்ளும், விளக்கும் அணையும். இத்தனை நாள் இருவரும் வைஃபையிலேயே காலம் தள்ளியதால் விஷயம் வெளியே வரவில்லை. இன்றைக்குப் பரீட்சைக்காரியின் கணினி போய் நின்றது தும்மலின் சாக்கெட்டில், உண்மையான அறுபத்தேழில். நான் கீழே உட்கார்ந்து அணைத்துப் போட்டதோ கதவுப் பக்கம் சும்மா கிடந்த உண்மையான அறுபத்தெட்டை.

“எழுந்திரு. கணினியைத் தூக்கு. அந்த மேசைக்குப் போ.”

சொருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. மணி இரண்டு ஐம்பத்தொன்று. அழ நேரமில்லாமல் அவள் சிரித்தாள்.

“நீ வெளிய வாம்மா. தும்மினா கேமராவுக்குக் கேக்கும்” என்று தும்மலை இழுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு வார்டன் வந்தார். வேலை முடிந்த இடத்தைக் கண்ணால் பார்க்காமல் என் வேலைச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டதே இல்லை. நேரே கதவுப் பிடியில் கை வைத்தார்.

“மேடம், உள்ள பரீட்சை நடக்குது” என்றேன்.

“தெரியும். ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

எட்டிப் பார்த்தால் போதும். இப்போது அவள் மேசை கதவை ஒட்டி இருக்கிறது. வார்டனின் முகம் கேமராவில் நிறைந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் தும்மல் கதவுக்குக் குறுக்கே போய் நின்றாள்.

“மேடம், சாக்கெட்டுல கோளாறே இல்ல. கோளாறு நாங்கதான்.”

தூசி, கட்டில், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், குசுகுசுவென்று சொல்லி முடித்து, கைக்குட்டைக்குள் மூன்று தும்மல் போட்டாள்.

வார்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஜன்னலோரம் அறுபத்தேழுதானேன்னு நான் அன்னிக்கே நினைச்சேன். எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு டாக்டர்கிட்ட போய்ப் புதுக் கண்ணாடி போட்டுட்டு வந்தேன்டி!”

“சாரி மேடம்.”

“உங்க ரெண்டு பேரையும் ஆளுக்கொரு மாடிக்கு அனுப்பணும்.”

“அனுப்புங்க மேடம். நாலரைக்கு அப்புறம் அனுப்புங்க. இப்ப கதவை மட்டும் திறக்காதீங்க.”

வார்டன் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நாலரை வரை எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தவர்களெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவு திறந்தது. “நெட்டு ஒரு தடவைகூடப் போகலக்கா” என்றபடி வெளியே வந்த பெண், வார்டனைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போகப் பார்த்தாள்.

“நில்லு. எப்படி எழுதின?”

“நல்லா எழுதியிருக்கேன் மேடம்.”

“அப்ப இதையும் எழுது” என்று ஒரு தாளை நீட்டினார். கட்டில் மாற்ற விண்ணப்பம். “மூணு வருஷமா என் மேசையில இந்தக் கட்டு கிடக்கு. ஒருத்தி வந்து கேட்டதில்ல.”

காரணம் என்ற இடத்தில் அவள் எழுதியது ஒரே சொல்: தும்மல். வார்டன் கையெழுத்துப் போட்டார்.

நான் சாக்கெட் பதிவேட்டில் இருவரின் கணினிகளையும் இடம் மாற்றிவிட்டு, ரசமட்டத்தோடு மேலே வந்து, 67-ஐயும் 68-ஐயும் அதனதன் சாக்கெட்டுக்கு மேல் ஒட்டினேன். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது. பின்னால் நின்ற வார்டன் புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“வலது பக்கம் கொஞ்சம் சாயுதோ?”

இன்னொரு தடவை அவரை டாக்டரிடம் அனுப்ப மனம் வரவில்லை. ஸ்டிக்கரின் மேல் விரலை வைத்து, நகர்த்துவது போல் ஒரு அழுத்து அழுத்தினேன்.

“ஆங், இப்ப சரி” என்றார்.