இறங்காத கை

ஒலியைப் பற்றிய பாடத்தைக் கலைவாணன் எப்போதும் கைகளை வைத்துத்தான் தொடங்குவார். கள்ளக்குறிச்சியில் ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் அவர். கைப்பேசியை ஒரு சிறிய ஸ்பீக்கரோடு இணைத்து, சீரான விசில் ஓசை ஒன்றை ஓடவிடுவார். எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். பிறகு ஓசையின் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போவார். யாருக்குக் கேட்காமல் போகிறதோ அவர் கையை இறக்கிவிட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஓசை ஊசியாக மெலிந்து மேலே போனது. வகுப்பில் எல்லாக் கைகளும் நின்றிருக்க, முதலில் இறங்கியது அவருடைய கைதான்.

"சார் அவுட்டு," என்றான் கடைசி பெஞ்சு ஜீவா. "எங்களுக்கு இன்னும் காது குடையுது சார்."

"குடையும்டா. உன் வயசு அப்படி. என் வயசுக்கு வா, உன் கையும் எறங்கும்."

பலகையில் ஒரு நத்தைக் கூட்டை வரைந்தார். உள்காது இப்படித்தான் சுருண்டிருக்கும். உள்ளே வரிசையாக நுண்ணிய மயிர்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவை கீச்சென்ற ஓசைகளைப் பிடிக்கும். சுருளின் கோடியில் இருப்பவை கனத்த ஓசைகளைப் பிடிக்கும். எந்த ஓசையும் வாசலைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்? அதனால் பெரும்பாலும் வாசல் பக்கம்தான் முதலில் தேய்கிறது. தேய்ந்தது மறுபடி முளைக்காது.

"கீச்சு சத்தம் மட்டும் போனா பரவால்லியே சார், பேச்சு கேக்குமில்ல?" என்று கேட்டாள் மலர்விழி.

நல்ல கேள்வி வந்துவிட்டால் அவருக்கு மணி அடிப்பது காதில் விழாது. கடை, சடை, தடை என்று பலகையில் எழுதினார். "மூணுலயும் பின்னால வர்றது ஒண்ணுதான். அது நல்லா கேக்கும். முன்னால இருக்கிற அந்தச் சின்ன உரசல் சத்தம்தான் உயரத்துல இருக்கு. அது போயிட்டா, யாரோ பேசறாங்கன்னு தெரியும். இன்னா பேசறாங்கன்னு தெரியாது."

அன்று முழுக்க அவருக்கு மனசு நிறைவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கல்வராயன் மலைக்குப் போவார். பறவைகளின் குரலைப் பதிவு செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அதற்காக ஒரு பழைய டிஷ் ஆன்டெனாவின் தட்டை வண்டியில் கட்டிக்கொள்வார். தட்டில் படும் ஓசை எல்லாம் அதன் முன்னால் ஒரே புள்ளியில் வந்து குவியும். அந்தப் புள்ளியில் மைக்கைப் பொருத்திவிட்டால், தூரத்து மரத்தின் குருவி மடியில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மனைவி சுபலட்சுமிக்குப் போட்டுக் காட்டுவார். "நல்லாக்குது," என்பாள் அவள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் எழில்மதி மீதுதான் அவருக்கு ஒரு குறை. அவரிடம் போனில் பேசுகிறவள், அம்மாவுக்கு மட்டும் எப்போதும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவாள். "பெத்தவகிட்ட ரெண்டு வார்த்த பேசினா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று கேட்டிருக்கிறார். மகள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அந்த ஞாயிறு சுபலட்சுமியும் அவரோடு கிளம்பினாள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கின. வளைவில் வண்டி ஏன் உள்பக்கம் சாய்கிறது, சாயாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பின்னால் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தவள், அவர் நிறுத்தும்போதெல்லாம் "ம்" என்றாள்.

வெள்ளிமலையைத் தாண்டி, ஒரு சாமைக் காட்டின் ஓரம் வண்டியை நிறுத்தினார். கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்திருந்தது. பூவுக்குள் அலகை விட்டபடி ஒரு தேன்சிட்டு கீச்சிட்டது. அவருக்கு வகுப்பு நினைவுக்கு வந்தது.

"சுபா, இந்தப் பசங்க வெளையாட்டு நீயும் ஆடு. குருவி கத்தற வரைக்கும் கைய தூக்கு. நின்னா எறக்கிடு."

அவள் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அவர் திரும்பி, பதிவுக் கருவியின் மேல் குனிந்தார். தேன்சிட்டு நீளமாக ஒருமுறை கத்திவிட்டுப் பறந்துபோனது. மரத்தில் வேறு சத்தம் இல்லை. அவர் குனிந்தபடியே, "போதும், எறக்கு," என்றார்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் கை மேலேயே இருந்தது. அவள் மரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகம் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து ஒரு செம்போத்து, ஊப் ஊப் என்று கனத்த குரலில் கூப்பிட்டது. அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவர் எதிரே போய் நின்றார். "எப்பத்திலேர்ந்து?"

அவள் கையை இறக்கினாள். "போன ஆடிலேர்ந்து."

"எழிலுக்குத் தெரியுமா?"

"அவதான் டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா. சென்னைக்கு நான் போயிருந்தப்போ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. காதுல இன்னாவோ மாதிரிக்குதுன்னு. நீங்க காலண்டர் தாள கிழிச்சி, பின்னால காது படம் போட்டீங்க."

அவருக்கு அந்தச் சாயங்காலம் நன்றாகவே நினைவிருந்தது. அதை ஒரு நல்ல சாயங்காலமாக மனதில் வைத்திருந்தார். அவர் வாயிலிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. இவ்வளவு கவனமாக எந்த மாணவரும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பவே பாதி கேக்கல," என்றாள். "நீங்க சந்தோஷமா சொல்லிக்கினு இருந்தீங்க. அப்பால எனக்குச் சொல்லத் தோணல."

"நான் போட்டுக் காட்டினதெல்லாம் நல்லாக்குதுன்னியே."

"உங்க மொகத்த பாப்பேன். புருவம் ஏறினா நல்லாக்குதுன்னு சொல்லிடுவேன்."

அவர் தட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மிஷின் வெக்கச் சொன்னாரு. கேக்காமலே உட்டா மூளைக்கு வார்த்த மறந்துகினே போவுமாம். சீக்கிரம் வெச்சா நல்லதுன்னாரு."

"ஒரு வருஷமா அப்படியே உட்டுட்டியே சுபா."

"வெச்சா நீங்க பாப்பீங்க. கழட்டிக் குடுன்னு வாங்குவீங்க. வூட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அது எப்டி வேல செய்யுதுன்னு காமிப்பீங்க. காலேஜுக்குக்கூட எடுத்துகினு போவீங்க." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். ஆனால் உயர்ந்த ஓசைகளை மட்டும் அந்தக் கருவி எப்படிப் பிரித்துப் பெரிதாக்கும் என்று, அவள் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் மனதுக்குள் பாடம் ஓடத் தொடங்கியிருந்தது.

இறங்கும்போது அவர் பேசவில்லை. சில வளைவுகள் தாண்டியதும் அவள் முதுகில் தட்டினாள். வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பேசாம வர்றீங்க?"

"கேக்காதுன்னுதானே."

"கேக்காதுதான். கை வெச்சா முதுகு அதிருது. அது நின்னா நான் 'ம்' சொல்லுவேன்."

கனத்த ஓசை எலும்பின் வழியே எப்படிப் பரவும் என்பது அவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு லீவு போடறேன்," என்றார், அவள் முகத்துக்கு நேரே, நிதானமாக. "மிஷின் வெக்கப் போலாம்."

"கிளாஸ் எடுக்கக் கூடாது."

"எடுக்கல."

"இத்தினி நாள் போனது திரும்ப வருமான்னு டாக்டருக்கே தெரியலையாம்."

அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. பார்த்தால் சொல்ல வரவில்லை. வண்டியைக் கிளப்பினார். அவள் உள்ளங்கை மறுபடி முதுகில் வந்து ஒட்டியது.

அடுத்த வளைவில், பாதையைப் பார்த்துக்கொண்டே, "என்னை மன்னிச்சிக்கோ சுபா," என்றார்.

அதிர்வு நின்றது. பின்னாலிருந்து எப்போதும்போல "ம்" என்று வந்தது.