டோக்கன் மாட்டியாச்சு

மருந்து பாட்டிலைக் காலி செய்யாமலே நோயைக் காலி செய்யும் முறையை மனித குலத்துக்கு வழங்கியவர் மாரிகுப்பம் ஃப்ரெடி. ஐயம் உள்ளவர்கள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்க்கலாம். பாதி இருமல் சிரப், முக்கால் காய்ச்சல் சிரப், லேபிள் அழிந்துபோன ரோஸ் நிறத் திரவம் ஒன்று எல்லாம் மிளகாய் சாஸுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும்.

"மருந்துன்றது ஆட்டோ மாதிரி. வீடு வந்ததும் எறங்கிடணும். உள்ளயே குந்திகினு இருந்தா மீட்டர்தான் ஓடும்" என்பது அவர் கொள்கை. பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவருக்குக் காவல் வேலை. விடியற்காலை ரயிலில், ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி வழியும் நேரத்தில், இந்தக் கொள்கையைக் கேட்டு யாரும் மறுத்ததில்லை. மறுக்க விழித்திருக்க வேண்டும்.

அவருடைய நான்கு வயது மகள் ஸ்வீட்டி ஒருநாள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உடம்பு கொதித்தது. ஃப்ரெடி ரோஸ் திரவத்தை எடுத்தார்.

"அது இன்னா மருந்து?" என்று கேட்டாள் மனைவி ஐடா.

"தெரியல. ஆனா என்கூட ரயில்ல வர்ற நோயலோட பையனுக்குக் குடுத்தேன், நல்லா கேட்டுது."

"அவனுக்கு வயித்து வலி."

"அதான் சொல்றேன், எல்லாத்துக்கும் கேக்கும்."

ஐடா பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிள்ளையை ராபர்ட்சன்பேட்டை கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் சுனிதா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, பாக்டீரியா தொற்று என்றார். பவுடராக இருந்த ஆன்டிபயாட்டிக் பாட்டிலைக் கொடுத்தார். கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். சமையல் கரண்டி கூடாது, பாட்டிலோடு வந்த அளவு மூடிதான். காலை, மாலை. காய்ச்சல் விட்டாலும் சொன்ன நாள் வரை நிறுத்தக் கூடாது.

காலை மருந்து ஐடாவின் பொறுப்பு. மாலையில் அவள் துணிக்கடையில் நிற்பாள். ரயில் நேரத்துக்கு வந்தால் ஃப்ரெடி கொடுப்பார். வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பார்வதம்மா. முந்தைய காய்ச்சலில் இருவரும் கொடுத்துவிட, பிள்ளை வாந்தி எடுத்தது. அதனால் ஐடா ஃப்ரிட்ஜுக்கு மேல் ஓர் ஆணி அடித்தாள். செத்துப்போன அப்பாவின் பித்தளை டோக்கனைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். இப்போது மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தில், மணி அடித்ததும் 'கேஜ்' என்ற இரும்புக் கூண்டில் ஷிஃப்டுக்கு இறங்குகிறவர் அதைக் கையோடு கொண்டுபோவார். மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவார். ஆணி காலி என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார்.

"சாயங்காலம் மருந்து குடுத்தவங்க இதை மாட்டணும். மாட்டியிருந்தா குடுத்தாச்சுன்னு அர்த்தம். கடைக்குப் போறதுக்கு முன்னாடி நான் எறக்கி வெச்சிடுவேன்" என்றாள்.

மறுநாள் ரயிலில் ஃப்ரெடியின் கேலிக்கு இதுதான் விருந்து. "டேய் நோயல், எங்க வீட்ல சிரப்பு ஷிஃப்டுக்குப் போவுது. டோக்கன் எல்லாம் இருக்குது."

"கேஜ் மணி அடிக்கிறாங்களா மச்சான்?"

"அடுத்த வாரம் ஹெல்மெட்டு குடுப்பாங்க."

காய்ச்சல் சீக்கிரமே விட்டது. ஸ்வீட்டி சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் வாசலெல்லாம் ஓடினாள். அன்று மாலை ஃப்ரெடி பெங்களூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்திருந்தார். கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. மருந்தைக் கண்டதும் பிள்ளை பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டது. திறக்க வைக்கக் கெஞ்ச வேண்டும், கதை சொல்ல வேண்டும், துப்பினால் துடைக்க வேண்டும். ஃப்ரெடி பாட்டிலைப் பார்த்தார். நல்லாத்தானே இருக்கிறாள். ஆட்டோ வீட்டுக்கு வந்துவிட்டது.

எழுந்து டோக்கனை மட்டும் மாட்டினார்.

மறுநாளும் மாட்டினார். அதற்கடுத்த மாலைகளிலும். கடை மூடி வந்த ஐடா, ஆணியைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தாள். காலை அவசரத்தில், பாட்டிலைச் சுற்றியிருந்த லேபிளைத் தாண்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆணிதான் சொல்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஃப்ரெடி, "ஸ்வீட்டி, செருப்பு போடு" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். முதுகைக் காட்டியபடி பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தொட்டதும்தான் நிமிர்ந்தாள். உடம்பு கொதித்தது. காதோரம் சீழ் வடிந்து முடியில் ஒட்டியிருந்தது.

டாக்டர் சுனிதா வெகுநேரம் காதைப் பார்த்தார். "மருந்து தினம் ரெண்டு வேளை போச்சா?"

"ஒரு வேளை விடல டாக்டர்" என்றாள் ஐடா.

"அப்போ இந்த மருந்துக்குக் கேக்கல. வேற ஸ்ட்ராங்கா மாத்தணும். கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமோ என்னமோ. பாட்டில் இருக்கா?"

ஐடா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைக் கையில் ஆட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது இந்நேரம் காலி ஆயிருக்கணும். இவ்ளோ எப்படி மிச்சம்?"

ஐடா புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க. டோக்கன் தினம் மாட்டியிருந்துதே."

"காய்ச்சல் விட்டுடுச்சேன்னு..." என்றார் ஃப்ரெடி. பிறகு, "விட்டதெல்லாம் சேத்து ரெண்டு மூடியா குடுத்துடட்டுமா டாக்டர்?"

"பேடா, வேணாம். அது இன்னொரு தப்பு." டாக்டருக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை; வெளியே இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. "நோடி, பாருங்க ஃப்ரெடி. காய்ச்சல் போனா கிருமி போச்சுன்னு அர்த்தம் இல்ல. நல்ல வேளை, பாட்டில் சொல்லிடுச்சு. இல்லன்னா நான் தப்பான மருந்துக்கு மாத்தியிருப்பேன். அதே மருந்து புது பாட்டில் எழுதறேன், முழுசா குடுங்க. காது கேக்கும். ஆனா முடிச்சுட்டு வந்து திரும்பக் காட்டணும்."

பஸ் ஸ்டாண்டு வரை ஐடா முன்னால் நடந்தாள். ஸ்வீட்டி அப்பாவின் தோளில் தூங்கினாள். பஸ் வந்து நின்றபோது ஐடா சொன்னாள்.

"எங்கப்பா காலத்துல ஒருத்தரும் பொய்யா டோக்கன் மாட்டல. மாட்டியிருந்தா, மேல இருக்கறவங்க எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனச்சிகினு வீட்டுக்குப் போயிருப்பாங்க. நீங்க புள்ளைய கீழயே விட்டுட்டு டோக்கன் மாட்டிட்டீங்க. மருந்தைப் பாதியில நிறுத்தறதும் அதுதாங்க."

ஃப்ரெடி தூங்கும் பிள்ளையின் காதைக் கையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் மாலை ரயில் தாமதம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும், ஆணி காலியாக இருப்பதைப் பார்த்து, சட்டைகூடக் கழற்றாமல் கை கழுவினார். ஃப்ரிட்ஜ் கதவில் சாஸ் மட்டும் இருந்தது. மற்றவற்றைக் காலையிலேயே தூக்கிப் போட்டிருந்தார். புது பாட்டிலைக் குலுக்கினார். அளவு மூடியை மேசைமேல் வைத்து, முட்டி போட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து ஊற்றினார். ஸ்வீட்டி பல்லைக் கடித்தாள். கெஞ்சினார். யானை கதை சொன்னார். பாதிக் கதையில் வாய் திறந்தது. விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. நோயல்.

"மச்சான், அந்த ரோஸ் மருந்து இருக்குதா? பையனுக்கு இருமல்."

"இல்லடா. டாக்டர்கிட்ட காட்டு."

"இன்னாடா ஆச்சு உனக்கு? கேஜ் மணி அடிச்சிட்டாங்களா?"

ஃப்ரெடி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எட்டி, டோக்கனை ஆணியில் மாட்டினார்.